கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு என்ன?

பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு, பாடசாலைக்கு, மருதமுனைக் கைத்தறிக் கடைக்கு என்று வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் நமது ஊரில் இருக்கிறார். அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்காரும்போது அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "காக்கா, என்ட போன்ல வடிவாத் தெரியிது. பார்க்கிற ஆக்களும் நல்லம் எண்டுதான் சொல்றாங்க. பிறகு எங்க பிழ இரிக்கி?"

நியாயமான கேள்வி. இந்தப் பத்தி முழுக்க அதற்கான பதில். கணினி படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கரையோரத்து நிறுவனம் ஒன்றின் பழைய அறிவித்தல் பக்கத்தை அவர் போனிலேயே திறந்தோம். தலைப்பில் கொட்டை எழுத்தில் கல்முனை என்று இருக்கிறது. பிரவுசரில் 'பக்கத்தில் தேடு' என்ற வசதி உண்டல்லவா, அதில் கல்முனை என்று தட்டினோம். ஒன்றும் இல்லை என்றது. கண் முன்னால் கிடக்கும் சொல்லைக் கணினி காணவில்லை. அந்தத் தலைப்பை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினோம். எஃப், வை, ஓர் அரைப்புள்ளி, பெரிய கே, சின்ன ஐ, சின்ன டி என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

இது பாமினி. இலங்கையில் கணினித் தட்டச்சுப் பழகியவர்களுக்குத் தெரியாத எழுத்துரு அல்ல. கணினிகளில் தமிழுக்கென்று தனி இடம் பரவலாகக் கிடைக்காத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். எஃப் இருக்க வேண்டிய இடத்தில் க. வை இருந்த இடத்தில் ல. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. கணினி தன் நினைவில் வைத்திருப்பது எஃப். எழுத்துரு திரையில் வரைவது க. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எஃப் மட்டும். பாமினியில் தமிழ் என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. இலங்கை என்று அடித்தால் உள்ளே முதலில் நிற்பது ஒரு காற்புள்ளி, ஏனென்றால் இகரத்துக்குக் கிடைத்த இடம் அது. பழைய தமிழ்ப் பிடிஎஃப்களிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காற்புள்ளியில் தொடங்கும் இந்த இலங்கை நன்றாகப் பழக்கம்.

வரிசையும் வேறு. முனை என்ற சொல்லில் ஐகாரக் குறி கண்ணுக்கு னகரத்தின் முன்னால் நிற்கிறது. பாமினியிலும் அது முன்னால்தான் பதிவாகும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் இன்றைய பொது முறையான யுனிகோடில் னகரம் முதலில் பதிவாகி, ஐகாரக் குறி அதன் பின்னால் வரும். திரையில் வரையும்போது அதை முன்னால் கொண்டுபோவது மென்பொருளின் வேலை. நாம் வாயால் சொல்லும் ஒழுங்கும் யுனிகோடின் ஒழுங்குதான். தேடுவது, அகரவரிசைப்படுத்துவது, வாசித்துக் காட்டுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் இந்தப் பதிவை நம்பித்தான் நடக்கின்றன.

1991இல் வெளியான யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி. ஆனால் சாமானிய மனிதரின் கணினிக்கு அது வந்து சேர விண்டோஸ் 2000, எக்ஸ்பி, அவற்றோடு வந்த லதா எழுத்துரு எல்லாம் வேண்டியிருந்தன. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களின் திரையில் யுனிகோட் தமிழ் கட்டங்கட்டமாக விழுந்தது. அந்தத் தடையைத் தாண்டப் பாடுபட்டவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு அதிராம்பட்டினத்தின் உமர் தம்பி. பக்கத்தோடு சேர்ந்தே வாசகரின் கணினிக்கு இறங்கும் 'தேனீ' என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006இல் காலமானார். நம்முடையதைப் போலவே கடலைப் பார்த்துக் கிடக்கும் ஒரு முஸ்லிம் ஊரின் மகன் அவர். நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

"இப்ப எல்லாம் யுனிகோட்தானே காக்கா?" என்றார் தம்பி. போனில் ஆம். அச்சுக்கூடத்தில் இல்லை. கல்யாணக் கார்டு, பதாகை, பாடசாலை மலர் போன்றவை செய்யும் இடங்களில் பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது. அச்சுக்கு அதனால் நட்டம் இல்லை. காகிதத்தைக் கண்தான் வாசிக்கிறது. அதே கோப்பை இணையத்தில் ஏற்றும்போதுதான் வடிவம் மட்டும் போய்ச் சேர்ந்து, எழுத்து பின்தங்கிவிடுகிறது.

மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க முடியாது. பாமினியில் ரகரத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் தட்டச்சுக்காரர் பலர் ர் வரும் இடத்தில் ஒரு காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்தே பழகியவர்கள், ஏனென்றால் அச்சில் வித்தியாசம் தெரியாது. கவனமில்லாத மாற்றி அதை அப்படியே பெயர்த்தால் அவர்கள் என்பது அவா்கள் என்று நிற்கும். இரண்டையும் உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் ரகரமே கிடையாது. வா என்ற எழுத்தின் காலுக்கு மேல் ஒரு புள்ளி. தேடுபொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதேபோல அழைப்பிதழ், அரச கடிதம் எல்லாவற்றிலும் வரும் கௌரவ என்ற சொல். அதைக் கெகரமும் ளகரமுமாகச் சேர்த்துக் கெளரவ என்று அடித்த பக்கங்கள் ஏராளம். எ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ௭ நுழைந்துவிடுவதும் உண்டு. வாசிப்பவர் தடையில்லாமல் வாசித்துப் போவார். கணினி தடுக்கி விழும்.

இனி, பிழையான பக்கம் ஏன் அழகாகத் தெரிகிறது என்ற கேள்வி. வெப் பக்கம் என்பது அடிப்படையில் ஓர் எழுத்துக் கோப்பு. இது தலைப்பு, இது பந்தி, இது படம், இது இணைப்பு என்று டேக் எனப்படும் அடையாளங்களோடு எச்டிஎம்எல் முறையில் எழுதப்படுவது. பிரவுசர் அதை வாசித்துத் திரையில் வரைகிறது. வழமையாக வரும் ஆளிடம் கடைக்காரர் விளக்கம் கேட்பதில்லை. "ஒண்டு" என்றாலே சீனி குறைத்த பிளேன்டீ மேசைக்கு வந்துவிடும். பிரவுசரும் அரைகுறையாகச் சொன்னதை ஊகித்து நிறைவேற்றும் சுபாவம் கொண்டது. தடித்த எழுத்தைத் தொடங்கிவிட்டு முடிக்க மறந்தீர்களா, பந்தியின் நடுவில் இன்னொரு பந்தியைத் திறந்தீர்களா, ஒரே அடையாளப் பெயரை இரண்டு பெட்டிகளுக்கு வைத்தீர்களா, எதற்கும் அது முறைப்பாடு செய்யாது. தனக்குத் தோன்றியபடி சரிக்கட்டி வரைந்துவிடும்.

இந்தத் தாராளம் பிறப்பிலேயே வந்தது. சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெப்பை உருவாக்கிய நாளிலிருந்து பக்கம் எழுதியவர்கள் விஞ்ஞானிகள், மாணவர்கள், சாதாரண மனிதர்கள். பிழை கண்டால் ஏற்க மறுக்கும் கம்பைலர் என்ற மென்பொருள் அதட்டி வளர்த்த புரோகிராமர்கள் மட்டும் அல்ல. 1990களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் போட்டி போட்டபோது, பிழையான பக்கத்தையும் எது காட்டுகிறதோ அதுவே நல்ல பிரவுசர் என்றாகியது. 2000இல் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற கண்டிப்பான முறை வந்தது. அதை அதற்குரிய வகைக் கோப்பாகவே அனுப்பினால் ஒரு டேக் தவறினாலும் பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். உலகம் அந்தக் கண்டிப்பை ஏற்கவில்லை. பிறகு வந்த எச்டிஎம்எல்5, 2014 அக்டோபரில் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக நிறைவு பெற்றபோது, வேறு வழியைத் தேர்ந்திருந்தது: எந்தப் பிழையை எப்படிச் சரிக்கட்ட வேண்டும் என்பதையே விதியாக எழுதி, எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி ஊகிக்கும்படி செய்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பழைய பக்கங்களில் பெரும்பகுதி இன்று திறந்தே இருக்காது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிழை கண்ணுக்குத் தெரியாமல் போனது. தெரியாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடியவர்கள் உண்டு. 2005இல் கூகுளில் இருந்த இயன் ஹிக்சன் நூறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை எடுத்து, மக்கள் உண்மையில் எந்த டேக்குகளை எப்படி எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். எச்டிஎம்எல்5 ஏட்டறிவில் இருந்து மட்டும் பிறக்காமல் நடைமுறையில் இருந்து பிறந்ததற்கு அந்த மாதிரி வேலைகள் காரணம். 2008இல் ஒபேரா பிரவுசர் நிறுவனம் 'மாமா' என்ற திட்டத்தில் சுமார் 35 இலட்சம் பக்கங்களைச் சோதித்தது. விதிப்படி பிழையின்றி எழுதப்பட்டவை 4.13 வீதம் மட்டுமே. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் குழு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைப் பரிசோதிக்கிறது. இவர்கள் கேட்பது ஒரு படி மேலான கேள்வி: கண் தெரியாதவரும் கை நடுங்குபவரும் இந்தப் பக்கத்தைப் பாவிக்க முடியுமா? 2024இல் 95.9 வீதமான பக்கங்களில் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய குறைகள் இருந்தன. ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 56.8.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு எண். கண்டுபிடித்த குறைகளில் 96.4 வீதம் ஆறே வகைக்குள் அடங்கிவிட்டன. பின்னணியோடு கலந்துபோகும் மங்கல் எழுத்து, விளக்கம் எழுதப்படாத படம், பெயர் இல்லாத படிவப் பெட்டி, வெறுமையான இணைப்பு, வெறுமையான பட்டன், என்ன மொழி என்று சொல்லாத பக்கம். ஆண்டுக்கு ஆண்டு இதே ஆறு. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இதே ஆறு இடங்களில் வழுக்குகிறார்கள் என்றால், அவற்றைப் படித்து வைத்த ஒரு தம்பி நமது ஊர்ப் பக்கங்களில் பெரும்பாலான குறைகளைத் தானே திருத்திவிடலாம்.

ஆனால் இந்தப் பெரிய ஆய்வுகள் தமிழ் எழுத்தின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. பாமினி மறைந்திருக்கிறதா, அவா்கள் என்று நிற்கிறதா என்று அந்தக் கருவிகள் கேட்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது நமது பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சிலவற்றைச் சொல்கிறேன்.

தமிழுக்குப் பதிலாகத் தலையில் சிறு கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக் குறியும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வைரஸ் அல்ல. யுனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பைட் எனப்படும் சேமிப்பு அலகு மூன்றில் வைக்கப்படுகிறது. தமிழ்த் தொகுதி முழுவதற்கும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். அந்த மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாக வாசிக்காமல், மேற்கத்திய மொழிகளுக்கான பழைய முறையில் தனித்தனியாக வாசித்தால் முதல் பைட் கோடு போட்ட ஏயாகவும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்து ஆராகவும் தெரியும். அதனால்தான் எந்தத் தமிழ் வசனம் உடைந்தாலும் அதே இரண்டு குறிகள் வரிசை கட்டுகின்றன. மருந்து ஒரு வரி: பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், இது யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுவது. அந்த வரி இருந்தும் உடைந்தால் தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே பிழை நடந்திருக்கிறது. அது கொஞ்சம் பெரிய வேலை.

அடுத்தது வெட்டு. செய்திப் பக்கங்களில் தலைப்பின் தொடக்கத்தை மட்டும் காட்டி, மிச்சத்தை வெட்டிப் புள்ளிகள் வைப்பார்கள். கல்முனை என்பது நமக்கு நாலு எழுத்து: க, ல், மு, னை. யுனிகோடுக்கு ஏழு குறியீடுகள், ஏனென்றால் புள்ளி, உகரக் குறி, ஐகாரக் குறி மூன்றும் தனி. யூடிஎஃப்-8இல் 21 பைட்டுகள். ஆங்கிலத்தை நினைத்து எழுதிய புரோகிராம் 20ஆம் பைட்டில் வெட்டினால் கடைசி எழுத்து சிதைந்து கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி வரும். ஆறாவது குறியீட்டில் வெட்டினால் கல்முன என்று மொட்டையாக நிற்கும். குறியைத் தனியே பிரித்து அடுத்த துண்டின் தொடக்கத்தில் விட்டால், புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும்.

எழுத்து சரியாக வெட்டப்பட்டாலும் ஆபத்து தீராது. தமிழில் இல்லை என்ற சங்கதி வினையின் வாலில்தான் வருகிறது. "இம்மாதக் கொடுப்பனவு வழங்கப்படமாட்டாது" என்ற அறிவித்தல் "இம்மாதக் கொடுப்பனவு வழங்கப்பட…" என்று வெட்டுப்பட்டு முகப்பில் நின்றால், அதை நம்பி ஒரு கிழவி முச்சக்கர வண்டி பிடித்து அலுவலகத்துக்குப் போவாள். தலைப்பை இயந்திரத்திடம் வெட்டக் கொடுக்காதீர்கள். சுருக்கமாக நீங்களே எழுதுங்கள்.

படிவங்களில் வேறொரு கோளாறு. பெயர்ப் பெட்டியில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று புரோகிராமர் விதி வைக்கிறார். எண்ணோ வேறு அடையாளமோ வராமல் தடுப்பது அவர் நோக்கம். யுனிகோடின் வகைப்பாட்டில் ககரம் எழுத்து. ஆனால் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்து வகையில் இல்லை, குறி என்ற தனி வகையில் இருக்கின்றன. ஆகவே ரிஸ்வான் என்று தமிழில் எழுதினால் பெயர் செல்லாது என்று சிவப்பில் காட்டும். புள்ளியோ காலோ கொம்போ இல்லாத பெயர் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? விதியில் குறிகளையும் அனுமதித்தால் போதும். அரச கருமங்களில் தமிழில் விண்ணப்பிப்பது நமக்குச் சட்டம் தந்த உரிமை. ஒரு புரோகிராமரின் அரை வரி அதை மறுத்துவிடுகிறது.

அரபு நமது பக்கங்களுக்கே உரிய விஷயம். பள்ளிவாசல், மத்ரஸா, குத்பா தொகுப்பு எதுவானாலும் தமிழின் நடுவில் அரபு வரும். அரபு வலமிருந்து இடம் ஓடுவது. இரண்டும் கலந்த வரியை எப்படி அடுக்குவது என்பதற்கு யுனிகோடில் விரிவான விதி உண்டு. அந்த விதிப்படி, அரபுச் சொல்லைத் தொடர்ந்து வரும் எண்கள் அரபின் ஓட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். பாத்திஹா சூறாவின் அரபு மூலத்தை எழுதி, அதன் பின்னால் அடைப்புக்குள் 1-7 என்று வசன இலக்கம் போட்டுப் பாருங்கள். இலக்கம் அரபுக்கு இடப்பக்கம் தாவிவிடும். 1-7 என்பது 7-1 என்றாகிவிடும். அரபுக்குப் பிறகு நடுவில் கோடிட்ட தொலைபேசி இலக்கம் வந்தால் 067 என்ற நமது குறியீடு வாலுக்குப் போய்விடும். தம்பி இதற்குக் கண்ட வழி, எண்ணைத் தலைகீழாக அடித்துத் திரையில் நேராகக் காட்டுவது. கண்ணுக்குச் சரி. நகல் எடுத்தவருக்குத் தலைகீழ் எண் போகும். சரியான வழி, அரபுப் பகுதியைத் தனி டேக்கில் வைத்து, இது வலமிருந்து இடம், இது அரபு மொழி என்று இரண்டையும் அந்த டேக்கில் சொல்லிவிடுவது. வேத வசனத்தின் இலக்கத்தைத் தலைகீழாக விடுவதை அற்பமான பிழையாக என்னால் எண்ண முடியவில்லை.

மொழி சொல்லாத பக்கம் என்று மேலே சொன்னேன். நமது பக்கங்களில் அது இன்னும் மோசமான வடிவில் வருகிறது: பொய் சொல்லும் பக்கம். ஆங்கில டெம்ப்ளேட்டை வாங்கித் தமிழை நிரப்புகிறோம். முதல் வரியில் ஆங்கிலம் என்ற அறிவிப்பு அப்படியே கிடக்கிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண் தெரியாதவர் பாவிக்கும் திரைவாசிப்பான் அந்த அறிவிப்பை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் தமிழ் வாசிக்கக்கூடியது. அதற்குப் பக்கம் சொல்ல வேண்டியது டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும். பாமினிப் பக்கம் என்றால் அந்த உதவியும் பயனில்லை. எஃப், வை, அரைப்புள்ளி என்றுதான் அது வாசிக்க முடியும்.

படமாகப் போடும் அறிவித்தல்கள்தான் எனக்குப் பெரிய கவலை. ஜனாஸா அறிவித்தல், புலமைப்பரிசில் விண்ணப்பம், தண்ணீர் வெட்டு, வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றையும் அழகான படமாகச் செய்து, ஒரு வரி எழுத்தும் இல்லாமல் ஏற்றுகிறோம். தேடுபொறி அதை நம்பகமாகக் கண்டெடுக்காது. திரைவாசிப்பான் படம் என்று மட்டும் சொல்லும். சிங்களமோ ஆங்கிலமோ மட்டும் தெரிந்த அதிகாரி மொழிபெயர்க்க நினைத்தாலும் வாக்கியம் கையில் கிடைக்காது. கட்டாரில் வேலை செய்யும் மகள் ஊர்ச் செய்தியைத் தேடினால் கிடைக்காது. 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டில் மிக அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் நமது அம்பாறை. எச்சரிக்கை என்பது எல்லோருக்கும் எட்ட வேண்டிய எழுத்து என்பதை வேறு எந்த ஊருக்கும் முன்னால் நாம் உணர்ந்திருக்க வேண்டும். படம் போடுங்கள், தவறில்லை. அதன் கீழே அதே செய்தியை யுனிகோடில் எழுதுங்கள். படத்துக்குரிய விளக்கப் பண்பையும் நிரப்புங்கள்.

சின்னவை சில. எழுத்துப் பெட்டியின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தால் கீ, மீ போன்றவற்றின் மேல் சுழியும் கூ, மூ போன்றவற்றின் கீழ் வாலும் அரிபடும். வரி உயரத்தைக் கூட்டினால் தீரும். விரலால் பெருப்பிக்க முடியாதபடி பூட்டிய பக்கங்கள் வயதானவர்களை வாசலிலேயே நிறுத்துகின்றன. அந்தப் பூட்டை வைக்க நல்ல காரணம் எதையும் நான் கண்டதில்லை.

"சரி காக்கா, எப்படித் தேடிப் பிடிக்கிற?" என்று தம்பி கேட்டார். கண்ணை நம்பாமல் பார்ப்பதுதான் முறை. பக்கத்தில் தெரியும் ஊர்ப்பெயரைப் பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். கணினியில் கன்ட்ரோல் விசையோடு யூவை அழுத்தினால் பக்கத்தின் மூலம் திறக்கும். முதல் சில வரிகளில் மொழியும் எழுத்து முறையும் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மவுசைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பிறகு டபிள்யூ3சியின் சரிபார்ப்பானிலும் வெப்எய்மின் வேவ் கருவியிலும் முகவரியைக் கொடுங்கள். இரண்டும் இலவசம். சரிபார்ப்பான் நீண்ட பட்டியல் தந்தால் பயப்பட வேண்டாம். மேலே உள்ள ஒரு மூடாத டேக் கீழே பல முறைப்பாடுகளைப் பெற்றுப் போட்டிருக்கும். முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கண்டதை எழுதி வையுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன பிழை, எதனால் வந்தது. கடைசி நிரல்தான் முக்கியம். பத்துப் பக்கங்களில் ஒரே பிழை இருந்தால், பத்துப் பேரும் ஒரே டெம்ப்ளேட்டையோ ஒரே மாற்றியையோ பாவித்திருப்பார்கள். அங்கே திருத்தினால் பத்தும் திருந்தும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொத்துவில் முதல் மருதமுனை வரையுள்ள பாடசாலை, பள்ளிவாசல், உள்ளூராட்சிப் பக்கங்களை எடுத்து இப்படியொரு கணக்கெடுப்பைச் செய்தால் அது நல்ல மாணவர் ஆய்வாகும். தமிழில் வெப் பக்கம் செய்யும் எவருக்கும் அந்தப் பட்டியல் உதவும்.

உங்களால் உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பாடசாலைப் பக்கத்தைத் திறந்து, அதன் பெயரை அதற்குள்ளேயே தேடுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தின் முகவரி, பிழையான வரி, இருக்க வேண்டிய வரி மூன்றையும் எழுதி, அதைப் பராமரிப்பவருக்கு மரியாதையாக அனுப்புங்கள். மொழி அறிவிப்பு, எழுத்து முறை அறிவிப்பு, அரபின் திசை, படத்தின் விளக்கம் ஆகிய நான்கையும் திருத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் தேவைப்படும்.